சேனை பூத்திருக்கிறது என்று சொன்னேன்

என் மூக்கைப் பற்றி எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறேன். டேபிளில் வந்து விழும் தோல் துண்டைக் கண் பார்ப்பதற்கு முன்னால் என் மூக்கு பார்த்துவிடும். பசை சரியாகக் காயவில்லை, சாயம் இன்னும் உள்ளே இறங்கவில்லை, ஈரத்தோடு அடுக்கிப் பூசணம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, எல்லாம் தெரியும். சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தால் துண்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார். வீட்டிலும் அப்படித்தான். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பார்க்க நான் மரக்கிளையைப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு பக்கமும் தோல் பதனிடும் ஷாப்புகள். உப்புப் போட்ட பச்சைத் தோல் வாடை வந்தால் ஒரு திசை, சுண்ணாம்புக் குழி வாடை வந்தால் இன்னொரு திசை. ஒன்றுமே வரவில்லை என்றால் ஷாப்புக்கு லீவு.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மூக்கை நம்பித்தான் ஒரு மனிதரை மூன்று நாள் கேட்பாரற்றுக் கிடக்க விட்டேன்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மகள் என்னை அக்கா என்பாள். முறை பார்த்தால் இடிக்கும். எங்கள் தெருவில் முறையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மனைவி இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மகள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், பாகாயத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன் எடுத்துத் தனியாக இருக்கிறாள். அவர் இங்கே தனியாக இருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டியவர். அதில் அவருக்கு மோப்பம் சுத்தமாகப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ரசமா வெந்நீரா என்று தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஞாயிறு தவறாமல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சர்ச்சுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் முழங்கால் வரை மண்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு சென்ட் இடத்தில் கிழங்கைத் தவிர வேறு எதையும் அவர் வைக்கவில்லை. குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் சேப்பங்கிழங்கு, காம்பவுண்டு ஓரம் மரவள்ளி, கிழிந்த சிமெண்ட் மூட்டைகளில் சர்க்கரைவள்ளி, மீதி இடத்தில் சேனை. ஒரு தக்காளிச் செடி வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறேன். மேலே காய்ப்பதை ஆடு தின்னும், குரங்கு பிய்க்கும், போகிறவர் வருகிறவர் கண் வைப்பார்கள், கீழே இருப்பதை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றார். அந்தப் பேச்சு அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எங்கள் வீட்டுச் சேனையும் அவர் கொடுத்ததுதான். ஒரு தை மாதம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலின் மேல் வைத்து ஒரு துண்டை நீட்டினார். சாணிப்பாலில் தோய்த்துக் காயவைத்த துண்டு, அதன் நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு முளை. சித்திரையில் ஒரு மழை பெய்ததும் வை, போர் தண்ணீரைக் காட்டாதே, அது உப்பு, அரிசி கழுவிய தண்ணீர் போதும், அடுத்த தையில் தோண்டிவிடு என்றார். தோண்டாமல் விட்டால் பூத்துவிடுமாம். பூத்தால் நல்லதுதானே என்றேன்.

"பூத்தா உனக்குத்தான்மா பேஜாரு," என்றார்.

மதிலை ஒட்டி எங்கள் பக்கத்தில் வைத்தேன். குடை மாதிரி ஒற்றை இலை வந்தது, கார்த்திகையில் மஞ்சளாகிப் படுத்தது, மண்ணுக்கு மேல் ஒரு அடையாளமும் இல்லாமல் போனது. தை வந்தபோது தோண்டச் சோம்பல். சேனையை நறுக்கக் கையில் எண்ணெய் தடவ வேண்டும், புளி ஊற்றி வேகவைக்க வேண்டும், அத்தனையும் செய்தாலும் சில சமயம் தொண்டை அரிக்கும். கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு வந்து ஹாரன் அடிக்கும் வீட்டில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்? இருக்கட்டும் என்று விட்டேன். அடுத்த தையிலும் விட்டேன்.

அதன் பிறகு வந்த கத்திரி வெயிலில் ஒரு நாள் காலை தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தது. ஏதோ செத்துவிட்டது. எலி என்றார்கள், பூனை என்றார்கள், ஷாப்பில் ஏதோ தோலை வெளியே கொட்டிவிட்டார்கள் என்றார்கள். ஷாப்பு வாடை இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி கட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். என் கணவர் கூரை ஷீட்டின் மேல் ஏறினார். கடைசியில் ஈக்களைத் தொடர்ந்து போய்க் கண்டுபிடித்தது நான்தான். மதில் ஓரம், தண்டு இல்லை, இலை இல்லை, மண் மேல் நேராக உட்கார்ந்திருந்தது ஒரு பூ. காய்ந்த ரத்த நிறம். ஓரமெல்லாம் சுருக்கம், நடுவில் மூளை மாதிரி ஒரு கட்டி. அதிலிருந்துதான் அத்தனை பிண வாடையும்.

தெரு முழுக்க வந்து பார்த்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் மதிலைச் சுற்றி வந்து குனிந்து, மூக்கு பூவில் படும் அளவுக்குக் குனிந்து, "ஒண்ணுமே தெரியலையேம்மா," என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு நாளில் வாடை போய்விடும் என்று அவர் சொன்னார். அப்படியே போனது. அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டில் எது ஊசிப்போனாலும், "அக்கா வீட்டுப் பூவா?" என்று கேட்டுக் கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அடுத்த தையில் என் கணவர் மண்வெட்டியோடு போனபோது நானே தடுத்தேன். இன்னொரு தடவை பூக்கட்டும் என்றேன்.

அடுத்த வருடமும் கத்திரி வெயில். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்று, நாளைக்கு பாகாயத்துக்கு மகள் வீட்டுக்குப் போகப் போவதாகவும், சர்க்கரை டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அவள் நச்சரிப்பதாகவும் சொன்னார். வேலூரிலிருந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் அண்ணே என்றேன். போர்வையைப் பிழிந்துகொண்டிருந்ததால் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

திங்கட்கிழமை மதில் ஓரம் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை வந்திருப்பதைப் பார்த்தேன். ரோஸ் நிறம், கூர்மையாக, விரல் தடிமன். பூவும் இப்படித்தான் வரும், இலையும் இப்படித்தான் வரும். எனக்கு அது பூவாகத்தான் தெரிந்தது. அன்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை வாடை வந்தது.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "இன்னாக்கா, இப்டி நாறுது?" என்றாள்.

"சேனை பூத்திருக்கு. ரெண்டு நாள் பொறுத்துக்கோ," என்றேன்.

போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. சாயங்காலம் வந்தபோது வாடை இன்னும் கூடியிருந்தது. அன்றைக்கும் பின்பக்கம் போகவில்லை. கால் வலி, போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, பூத்தானே. புதன்கிழமை தெருவில் சமையல் பண்ண முடியவில்லை என்று இரண்டு பேர் வந்து முறையிட்டார்கள். என் பூ, என் பெருமை, போன வருஷமும் இப்படித்தான் என்று அவர்களை அனுப்பி வைத்தேன். ஊதுவத்தி கொளுத்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அண்ணன் வீட்டு முன்பக்கம் கிரில் கேட். வீட்டில் இருந்தாலும் உள்ளேயிருந்து கை விட்டு அதே பூட்டைத்தான் போடுவார், வெளியே போனாலும் அதே பூட்டுதான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பாகாயம் போயிருக்கிறார் என்று தெருவுக்கே நான்தான் சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். என் கணவர் பள்ளிகொண்டா பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார். பேசவே கணக்குப் பார்க்கிற மனுஷன். அன்று காலை டிபன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"ரெண்டு நாள்ல போய்டும்ன இல்ல? நான் போய் பாக்கட்டுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொன்ன சொல்லை மாற்றிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதிலும் நாற்றத்தைப் பற்றி. இருபது வருஷமா முகர்ந்து சம்பளம் வாங்குறவ நான், பெட்ரோல் தவிர எதுவும் தெரியாத உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். வெயில் ஜாஸ்தி, அதனால் ஒரு நாள் கூட நிற்கும் என்றேன். அதை அந்த இடத்தில்தான் கற்பனை பண்ணினேன். அவர் கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனின் மகள் வந்தாள். வாரம் முழுக்க நைட் டூட்டி. அப்பாவின் செல்போன் எப்போதும் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதும் அவருக்குப் புதிதல்ல. அதனால் புதன் வரை அவள் கவலைப்படவில்லை. வியாழன் முழுக்க போன் பண்ணிப் பார்த்துவிட்டு, மறுநாள் டூட்டி முடிந்ததும் யூனிஃபார்ம் கூட மாற்றாமல் பஸ் ஏறியிருக்கிறாள். கிரில் முன்னால் வந்து நின்றவள் பூட்டைத் தொடவே இல்லை. அந்த வாடையை அவள் ஒரு மூச்சு இழுத்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பூ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

பூட்டை உடைத்தது என் கணவர். அண்ணன் பின் அறையில், எங்கள் மதிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் கிடந்தார். என் சேனைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மதிலும் ஒரு சுவரும்தான். மாரடைப்பு, ஞாயிறு இரவோ திங்கள் விடிகாலையோ போயிருக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் யாரும் காப்பாற்றியிருக்க முடியாது. இதை எனக்கு ஆறுதலாகப் பலர் சொல்லிவிட்டார்கள். உயிரைப் பற்றி அது உண்மைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை நான் பத்து எட்டு நடந்து மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் அவருக்கு ஒரு முகம் இருந்திருக்கும். மகள் அதைப் பார்த்து அழுதிருப்பாள். வெள்ளிக்கிழமை அது இல்லை. பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள், மூடியபடியே கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். ஒரே ஒரு தடவை திறங்க என்று அவள் கேட்டாள். வார்டில் எத்தனையோ பார்த்தவள், தன் அப்பாவைப் பார்க்க அவளை யாரும் விடவில்லை.

அடக்கம் முடிந்து வந்து எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு வாசனை கூடவா வரல?"

எதிர்வீட்டுக்காரி இருந்தாள், தெருப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், என் கணவர் வாசல்படியில் இருந்தார்.

"இங்க எப்பவும் தோல் நாத்தம்தானேம்மா. எது எதுன்னு யாருக்குத் தெரியுது?" என்றேன்.

என் மூக்கைப் பற்றி அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஊரில் நடக்கிற எல்லாக் கெட்டதற்கும் பழி சுமக்கிற ஷாப்பு இதையும் சுமந்துகொண்டது. அவளும் அதை நம்பினாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த இடம் எனக்கு இன்றைக்கும் சுடுகிறது.

அடுத்த நாள் பின்பக்கம் போனேன். அதுவரை போகப் பயம். முளை ஒரு முழம் உயர்ந்து, உறை பிரிந்து, பச்சையாக விரிய ஆரம்பித்திருந்தது. இலை. பூ வரவே இல்லை. எல்லா வருஷமும் பூக்காது என்று அண்ணன் எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் அது வளர்ந்த மாதிரி எந்த வருடமும் வளர்ந்ததில்லை. மதிலுக்கு மேலே தலையை நீட்டி அவருடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பாத்திரம் கழுவ உட்கார்ந்தால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

வாடை என்னை விடவில்லை. வீட்டைக் கழுவினாலும் வந்தது, கம்பெனி பஸ்ஸில் வந்தது, புதுத் தோல் கட்டைப் பிரித்தால் வந்தது. கொதிக்கிற குழம்பில் வந்தபோது சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டினேன். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு மட்டும். டாக்டரிடம் போனேன், மூக்கில் ஒன்றும் இல்லை என்றார். செக்கிங் டேபிளில் என் பேச்சை நானே நம்பவில்லை. ஒரு துண்டை மூன்று தடவை முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலிருப்பவளிடம் நீட்டினேன். சூப்பர்வைசர் அதைக் கவனித்தார். பிறகு அவர் என்னிடம் துண்டை நீட்டுவதையும் நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால், வாசல் தெளிக்காமல் இருந்தால், ஒரு வீட்டில் டிவி சத்தம் இல்லை என்றால், போய்க் கதவைத் தட்டுவேன். தூக்கக் கலக்கத்தில் திறந்து என்ன அக்கா என்பார்கள். ஒன்றுமில்லை, இருக்கிறாயா என்று பார்த்தேன் என்பேன். முதலில் பாவம் என்றார்கள். பிறகு பக்கத்துத் தெருவிலேயே எனக்குக் கதவு தட்டுற அக்கா என்று பேர் வந்தது.

என் கணவர் அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். சாப்பிட உட்காரும்போதெல்லாம், அன்று தட்டைத் தள்ளிய கை எனக்குத் தெரியும்.

தை மாதம் அவர் என்னைக் கேட்காமலே சேனையைத் தோண்டினார். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. மண்ணைத் துடைத்து அடுப்படி மூலையில் சாக்கு போட்டு வைத்தார். நான் அதைச் சமைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அதன் நடுவில் ரோஸ் முளை மெல்ல மெல்லக் கண் திறந்துகொண்டிருந்தது.

மாசியில் மகள் வந்தாள். வீட்டை வாடகைக்கு விட ஆள் கிடைத்திருந்தது. அப்பாவின் சாமான்களை எடுத்து வைக்க வந்தவளுக்கு நான்தான் சமைத்துப் போட்டேன். அடுப்படிக்குள் வந்தவள் மூலையைப் பார்த்துவிட்டாள். அப்பா கொடுத்த துண்டிலிருந்து வந்ததுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவர் தோட்டத்தில் இருந்ததெல்லாம் தண்ணீர் இல்லாமல் காய்ந்து, எலி தின்று, ஒன்றும் மிஞ்சவில்லை என்றாள். இதையாவது கொடுங்கள், வாடகை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் மண் இருக்கிறது, அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

இவ்வளவு பெரிய கிழங்கை முழுசாக வைத்தால் இந்தச் சித்திரையிலேயே பூக்கும். பூத்தால் அவள் அந்த வாடையை முகர்வாள். இது எங்கள் வீட்டில் போன வருடத்துக்கு முந்தைய வருடம் பூத்த கதை அவளுக்குத் தெரியும், அவள் அப்பாவே போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்த வாடையையும் அன்றைக்கு கிரில் முன்னால் முகர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க ஒரு நர்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் துண்டு போட்டுக் கொடுத்தால் சின்னத் துண்டு மூன்று நாலு வருஷத்துக்கு வெறும் இலைதான் விடும். அவளும் தையில் தோண்டிச் சமைத்துவிடுவாள். ஒரு நாளும் பூக்காது.

துண்டு போட்டுத் தர்றேன், அப்படித்தான் வைக்கணும் என்று சொல்லிக் கத்தியை எடுத்தேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டேன். என் கை எனக்கே தெரியாதவள் கை மாதிரி இருந்தது. கிழங்கின் மேல் கத்தியை வைத்தபோது வாசல்படியிலிருந்து என் கணவர் எழுந்து வந்தார்.

"முழுசாவே குடு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். என்னை நிமிர்ந்து பார்த்தார், நானும் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். அவர் கிழங்கைச் சாக்கோடு தூக்கிப் போய் ஷேர் ஆட்டோவில் அவள் காலடியில் வைத்துவிட்டு வந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆட்டோ கிளம்புகிற வரை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனை எடுத்தேன். ஒரு தடவை அவள் டூட்டியில் இருந்தாள். இன்னொரு தடவை எடுத்தவள், அப்பா கிழங்கை வைத்துவிட்டேன் அக்கா என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், நான் தண்ணீர் அளவாக ஊற்று என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பங்குனி போனது. சித்திரையில் ஒரு மழை பெய்தது. எங்கள் மதில் ஓரம் வெறும் மண்தான், இருந்தாலும் தினமும் காலையில் போய்ப் பார்த்தேன்.

வெயில் ஏறிய ஒரு திங்கட்கிழமை, டீ டைமில் போன் வந்தது. கேன்டீனுக்கு வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, அது பூத்திருக்கு," என்றாள்.

டூட்டி முடித்து வந்து கேட்டைத் திறந்ததுமே வாடை வந்ததாம். அவளுக்குத் தெரியாத வாடையா? வீடு முழுக்க, கட்டிலுக்கு அடியில் கூடத் தேடியிருக்கிறாள். அப்புறம்தான் மாடிப்படிக்குக் கீழே பார்த்திருக்கிறாள். மேலிருந்து வீட்டுக்கார அம்மா என்ன நாற்றம் என்று கேட்டார்களாம்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, பூதான்னு சொன்னேன். சொல்லி வாய் மூடல." அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "நீங்களும் இதத்தான சொன்னீங்க?"

"ஆமா."

"அன்னிக்கு பூ இருந்துச்சா?"

"இல்ல. அது எல. நான் போய் பாக்கவே இல்லம்மா."

"எத்தினி நாளு சொன்னீங்க?"

"மூணு நாளு."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே பெல் அடித்தது, எல்லோரும் லைனுக்குத் திரும்பிப் போனார்கள், நான் நின்றேன்.

"நாத்தம் போவட்டும். அப்புறம் பேசறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் போன் பண்ணவில்லை. பூவின் வாடைக்கு இரண்டு நாள்தான் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை பண்ணினேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை அணைத்து வைத்திருப்பதாக வந்தது. சனிக்கிழமை காலையிலும் அதேதான். அடுப்படியில் நின்று, கோபம்தான், வேறென்ன, இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்று பூ என்று சொன்ன அதே குரல் அது.

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் ஏறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பள்ளிகொண்டா தாண்டும் வரை நின்றுகொண்டே போனேன், பிறகு இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. வேலூரில் இறங்கி பாகாயம் டவுன் பஸ். அவள் வீட்டு கேட் சாத்தியிருந்தது. பால் பாக்கெட் வாசலில் கிடந்தது. மாடிப்படிக்குக் கீழே பூ கறுத்துச் சரிந்து கிடந்தது, வாடை இல்லை. நிஜமாகவே இல்லையா, என் மூக்கு சொல்கிறதா என்று தெரியவில்லை. கதவைத் தட்டினேன். யாரும் வரவில்லை. உள்ளங்கையால் தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கண் வீங்கி, தலை கலைந்து, அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள், வியர்த்து ஊறிய என் கம்பெனி யூனிஃபார்மைப் பார்த்தாள், இன்னும் தட்டுவதற்குத் தூக்கியபடியே நின்ற என் கையைப் பார்த்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

"இருக்கேன்க்கா," என்றாள்.